முடிச்சூர் ரோட்டில் சொன்னது

பொய் சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அபிகாயில் டீச்சர் அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. நல்ல காரியமாகத்தான் கிளம்பினாள். கணவர் எலியேசர் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்துகொண்டு, சேலையூரிலிருந்து மேற்குத் தாம்பரத்துக்கு. முடிச்சூர் போகிற வழியில், சித்தேரிக் கரையில் பெரிய அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் வீடு பார்க்கப் போனார்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். அவள் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எலியேசருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை. சொந்த வீடு என்ற பேச்சு எடுத்தாலே அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அவரே மனசு மாறி, லோன் கிடைக்கும் என்று சொன்ன பிறகு அபிகாயிலுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏரியைப் பார்த்த பால்கனியில் நாற்காலியை எந்த மூலையில் போடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள்.

முடிச்சூர் ரோட்டில் பாதி வழி போனதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு நூறு இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சித்தேரியின் எதிர்க்கரையில் ரொம்பக் காலமாகக் குடியிருக்கிறவர்கள். அவர்கள் வீடெல்லாம் ஏரியை ஆக்கிரமித்துக் கட்டியது என்று சுவரில் சிவப்பு பெயிண்டால் குறி போட்டிருந்தார்கள். இடிக்கப் போவதாக நோட்டீஸும் வந்திருந்தது. அதே ஏரிக்குள் மண்ணைக் கொட்டி எழுப்பிய அடுக்குமாடிக்கு மட்டும் எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தது. ஒரு பெண் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தாள்: ‘எங்க வூடு ஏரின்னா, அவுங்க பில்டிங்கு இன்னா, மலையா?’

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். அப்போதுதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தீனா வந்தான். ஒரு யூடியூப் சேனலில் வேலை பார்ப்பவன். கூடவே கேமராவோடு இன்னொருவன்.

“மேடம், பொதுமக்கள் கருத்து கேக்குறோம். இந்தப் போராட்டத்தால உங்களுக்கு என்ன பாதிப்பு? எங்க போயிட்டிருக்கீங்க?”

அடுக்குமாடியின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எதிரே இன்னொரு அட்டையில் அதே பெயரை எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். சொல்ல வாய் கூசியது.

“ஹாஸ்பிடலுக்கு,” என்றாள். “எங்க மாமியாரை அட்மிட் பண்ணிருக்கு. சீரியஸ்.”

சொன்ன பிறகு அதற்குத் தகுந்த கோபமும் தானாக வந்தது. வகுப்பில் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை.

“நான் ஒரு டீச்சர். ஒரு உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா இவங்க பொறுப்பு எடுத்துப்பாங்களா? நாங்களும் வாடகை வீட்ல கஷ்டப்பட்டுத்தான் இருக்கோம். எங்களுக்கு யாராவது எதையாவது ஃப்ரீயா குடுத்தாங்களா? ரோட்ல உக்காந்தா வீடு கிடைக்கும்னா நாங்கல்லாம் எதுக்கு விடியக்காலைல எழுந்து ஓடணும்? பணக்காரன், பணக்காரன்னு கத்தினா ஆச்சா? உழைக்கிறவன் மேல வர்றான். அதுல என்ன தப்பு?” கையை நீட்டினாள். “அதோ அந்த அம்மாவைப் பாருங்க. கழுத்துல செயின். கையில என் போனைவிடப் பெரிய போன். இவங்க ஏழைன்னா அப்ப நான் யாரு?”

சுற்றி பைக்கில் நின்றவர்கள் கைதட்டினார்கள். “செம்ம டீச்சர்,” என்று ஒரு குரல். கேமரா திரும்பி, முன் வரிசையில் உட்கார்ந்து போனில் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரியவில்லை. கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

போலீஸ் வந்து ஒரு பக்கம் வழி விட்டதும் எலியேசர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “அம்மாவை எதுக்கு இழுத்தே?”

“வாயில வந்துடுச்சு.”

“சரி, விடு. யாரு பாக்கப் போறா.”

வீட்டைப் பார்த்தார்கள். ஐந்தாவது மாடி. சேல்ஸ் ஆள் காபி வரவழைத்துக் கொடுத்தான். பால்கனியில் நின்றபோது தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகளும் சுவரில் சிவப்புக் குறிகளும் தெரிந்தன. அபிகாயில் அங்கேயே பார்ப்பதைக் கவனித்த சேல்ஸ் ஆள், “அது போயிடும் மேடம். அடுத்த வருஷம் அங்க பார்க் வந்துடும். வியூ இன்னும் சூப்பரா இருக்கும்,” என்றான். அவள் தலையாட்டினாள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

*

யார் பார்க்கப் போகிறார்கள் என்று எலியேசர் சொன்னது தப்பாகப் போயிற்று. ஊரே பார்த்தது.

‘போராட்டக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட டீச்சர்’ என்று தலைப்புப் போட்டுத் தீனாவின் சேனல் வெளியிட்டது. மறுநாள் காலைக்குள் அது அபிகாயிலுக்கே நாலைந்து பக்கமிருந்து வந்து சேர்ந்தது. பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் அவள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரின்சிபால் கூப்பிட்டுக் கை குலுக்கினார். காய்கறிக்காரர் கொத்தமல்லியைச் சும்மா போட்டுவிட்டு, “கரெக்டா கேட்டீங்கம்மா. வேலைக்குப் போவ சொன்னா நோவுது, ரோட்ல உக்கார சொன்னா வந்துடுதுங்க,” என்றார். போராட்டம் சரியா, தவறா என்று சேனலில் ஓட்டெடுப்பு வேறு வைத்திருந்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தவறு என்று குத்தியிருந்தார்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் அபிகாயிலுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாத ஒரு டீச்சர். இப்போது பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு பொய்தான் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி இருந்தது. நடக்கலாம், ஆனால் இருப்பது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தக் கல் குத்தியது. ஜெப நேரத்தில் பாஸ்டரம்மா எழுந்து, “நம்ம சகோதரி அபிகாயிலோட மாமியார் தபீதாள் அம்மா ஆஸ்பத்திரியில கவலைக்கிடமா இருக்காங்க. எல்லாரும் அவங்களுக்காக ஒருமனமா ஜெபிப்போம்,” என்றார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. சிலர் விசும்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அபிகாயிலின் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். ஜெபம் முடிந்தபோது அபிகாயிலும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள். சொன்ன வாய் கசந்தது. ஆண்கள் பக்கம் எலியேசர் தலை நிமிரவே இல்லை.

அன்று மத்தியானம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து தபீதாளே போனில் வந்தாள். மூத்த மகன் வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு திடமாக இருக்கிற மனுஷி.

“ஏட்டி, நான் ஆஸ்பத்திரியில கெடக்கேனாமே? தெருவே வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போகுது. நான் முருங்கைக்காய் பறிச்சுட்டு நிக்கேன், என்னைப் பாத்ததும் பயந்துட்டாளுவ.”

அபிகாயில் சிரிக்கப் பார்த்தாள். “இல்ல அத்தை, அது சும்மா...”

“சும்மா எப்படிச் சொல்லுவ? வாத்திச்சி நீ. என் பேரைச் சொல்லியா ரோட்ல கெடக்குற சனத்தை வையணும்? என்னமோம்மா. எனக்குக் கேக்க நல்லா இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

*

புதன்கிழமை போலீஸ் ஆறேழு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. மருத்துவமனைக்குப் போன பொதுமக்களை மறித்தார்கள், உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினார்கள் என்று வழக்கு. செய்தியில் அபிகாயிலின் வீடியோவையே ஓடவிட்டார்கள்: ‘மாமியாரைக் காண முடியாமல் தவித்த ஆசிரியை.’ பிடிபட்டவர்களில் ஜெயவேலு என்று ஒரு பெயின்டர். முன் வரிசையில் செயினோடு உட்கார்ந்திருந்த அஞ்சலியின் புருஷன். ஜாமீன் கிடைக்கவில்லை. எல்லோரையும் செங்கல்பட்டு ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள்.

அபிகாயில் டி.வி.யை அணைத்தாள். “நம்மளால உள்ள போயிருக்காங்க,” என்றாள்.

“நாம புகார் குடுத்தோமா? கையெழுத்துப் போட்டோமா?” எலியேசர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. “அவங்க ரோட்டை மறிச்சது உண்மைதானே? நீ சொல்லலைன்னாலும் வேற எவனாவது சொல்லியிருப்பான். பேசாம இரு. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா உன் வேலை போகும். வேலை போனா லோன் போகும்.”

அவர் சொன்னதெல்லாம் நிஜம்.

வீடியோவின் அடியில் ஆட்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அஞ்சலிக்கு ‘செயின் அக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் சிரித்த அந்த ஒரு நொடியை வெட்டி எடுத்து, காசு வாங்கிய சிரிப்பு என்று பரப்பியிருந்தார்கள். எழுதக் கூசுகிற வார்த்தைகளும் இருந்தன. ஒருவன், அவள் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், போய்ப் பாருங்கள் என்று இடத்தோடு போட்டிருந்தான்.

சனிக்கிழமை அபிகாயில் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு அங்கே போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று பாதி தூரம் நினைத்தாள். மீதி தூரம், சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று.

அஞ்சலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பைக்கை நிறுத்தாமலே ஒருத்தன் கேட்டான்: “இன்னா செயின் அக்கா, இன்னிக்கு ரோட்ல உக்காரலையா?” கூட வந்தவன் சிரித்தான். அவள் நிமிரவில்லை. “சங்கரா கீது, நெத்திலி கீது. வோணும்னா சொல்லு. இல்லாட்டி வழிய வுடு,” என்றாள். அவர்கள் போன பிறகு கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு அபிகாயிலைப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை.

“உனுக்கு இன்னாக்கா வோணும்?”

அவள் கழுத்தில் இப்போது செயின் இல்லை. மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அபிகாயிலுக்கு அதைப் பார்த்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்து போயிற்று. “சங்கரா,” என்றாள்.

அஞ்சலி மீனை வெட்டிக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தாள். “செதில் கிதில் ஒட்டிக்கினு கீதானு வூட்ல போய் ஒரு தபா பாத்துக்கோக்கா. வூட்டுக்காரரு உள்ள கீறாரு. கை இங்க கீது, மனசு அங்க கீது. தப்பா நெனச்சுக்காத.”

“பரவால்ல,” என்று மட்டும் அபிகாயில் சொன்னாள். பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் கேட்காமல் வர, கேட்க வேண்டாதவள் கேட்டு அனுப்பியிருந்தாள். அந்த மீனை அவள் சமைக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

*

தீனாவின் நம்பரைத் தேடிப் பிடித்து, “நான் அன்னிக்குச் சொன்னது பொய். இன்னொரு தடவை வந்து ரெக்கார்ட் பண்ணுங்க,” என்றாள்.

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு பதறினான். “மேடம், விளையாடாதீங்க. அந்த வீடியோவாலதான் எனக்கு வேலையே நிரந்தரமாச்சு. இப்ப போய்ப் பொய்னா சேனல் பேரே நாறிடும். சொன்னாலும் ஓடாது மேடம். ஜனங்களுக்கு எது புடிச்சுதோ அதத்தான் பாப்பாங்க.” குரலைத் தணித்துக்கொண்டான். “நீங்க சொன்னது எல்லார் மனசுலயும் இருந்ததுதானே? ஹாஸ்பிடல் மேட்டரை விடுங்க. கருத்து கரெக்டுதானே?”

அந்தக் கேள்வி அவளை வெகுநேரம் விடவில்லை. கருத்து அவளுடையதுதான். பொய் சொன்னது மாமியார் விஷயத்தில் மட்டும். மற்றதெல்லாம் மனசார நம்பிச் சொன்னது. ஏன் அப்படி நம்பினாள் என்று யோசித்தால் பதில் பிடிக்கவில்லை. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது வந்தது கோபமில்லை, பயம். இரண்டு மாசம் சம்பளம் நின்றால் தானும் எலியேசரும் எந்தக் கரையில் நிற்போம் என்ற பயம். அதனால்தான் அவர்கள் வேறு ஜாதி மனுஷர்கள், நாம் வேறு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் ஊரும் நிம்மதியாகக் கைதட்டியது.

அந்த வாரமே மாணிக்கவேல் போன் செய்தார். அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் சங்கத்தின் செயலாளர். “டீச்சர், ஏரி விஷயமா அதிகாரிங்க பொதுமக்கள் கருத்துக் கேக்குறாங்க. கல்யாண மண்டபத்துல மீட்டிங். நம்ம தரப்புல நீங்கதான் பேசணும். உங்க அளவுக்கு யாருக்கும் வராது. அப்புறம், பில்டிங் கட்டுற கம்பெனி எம்.டி. உங்க வீடியோவைப் பாத்துட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். உங்களுக்கு கார் பார்க்கிங் ஃப்ரீயா ஒதுக்கச் சொல்லிட்டார்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த எலியேசரின் முகம் மலர்ந்தது. “நம்மகிட்ட காரே இல்லையே,” என்றாள் அபிகாயில், போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம்.

“இன்னிக்கு இல்ல. பின்னால வாங்கலாம். இல்லாட்டி வாடகைக்கு விடலாம். சும்மா குடுக்கிறதை வேணாம்னா சொல்லுவோம்?”

எலியேசருக்கு அவள் ரோட்டில் பேசியது ஞாபகம் வரவில்லை. எங்களுக்கு யாராவது எதையாவது ஃப்ரீயா குடுத்தாங்களா என்று கேட்டவள் அவள்தான். ஆனாலும் மாணிக்கவேலிடம், “வர்றேன் சார்,” என்றாள். அங்கே போய் என்ன பேசப் போகிறோம் என்று எலியேசரிடம் சொல்லவில்லை. தனக்கே உறுதியாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

*

மண்டபத்தில் யாரும் சொல்லாமலே ஜனம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. ஃபேனுக்கு அடியில் வீடு வாங்கியவர்களும் சுற்று வட்டாரக் குடியிருப்போர் சங்கத்தாரும். வாசல் பக்கம் எதிர்க்கரைக்காரர்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். அஞ்சலி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு அவர்களுடைய வக்கீல் ஏஞ்சல்.

மேடையில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாணிக்கவேல் எழுந்து, “பொதுமக்கள் மனநிலை என்னங்கிறதை ஒரு சின்ன வீடியோ மூலமா காட்டுறோம்,” என்றார். விளக்கை அணைத்தார்கள். திரையில் அபிகாயில் வந்தாள். அத்தனை பெரிதாகத் தன் முகத்தை அவள் பார்த்ததில்லை. நெற்றிச் சுருக்கமும் நீட்டிய விரலும் தெரிந்தன. ‘இவங்க ஏழைன்னா அப்ப நான் யாரு?’ என்று திரை கேட்டது. ஃபேன் பக்கம் கைதட்டல். திரையில் அஞ்சலி சிரித்தாள். வாசல் பக்கம் நின்றவர்கள் யாரும் தூணருகே நின்ற அஞ்சலி பக்கம் திரும்பவில்லை. அவள் கூசிப் போகக் கூடாதென்றுதான் திரும்பவில்லை என்று அபிகாயிலுக்குப் புரிந்தது.

“அந்த டீச்சரே நம்ம முன்னாடி பேசுவாங்க,” என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

அவள் எழுந்தாள். “எங்க மாமியார்...” என்றாள். அப்புறம் வரவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பாவம், மாமியாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

“எங்க மாமியார் நாசரேத்துல நல்லா இருக்காங்க,” என்றாள். “அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை. அந்த பில்டிங்ல வீடு பாக்கப் போனேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால... பொய் சொல்லிட்டேன். என்னை யாரும் மறிக்கலை. மறிச்சாங்க, ஆனா... அதனால எனக்கு ஒண்ணும் ஆகலை. அந்தம்மாவோட செயினைப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது. அவங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார். அது என்னால.”

ஃபேன் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார். “எவ்வளவு வாங்கினே?” இன்னொருவர், “மிரட்டியிருப்பாங்க சார்,” என்றார். “டீச்சராம், டீச்சர். த்தூ,” என்றது ஒரு பெண் குரல். பள்ளியில் அவளோடு வேலை பார்க்கிறவளின் குரல் அது. மாணிக்கவேல் வந்து மைக்கை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டார். அதிகாரி மேஜையைத் தட்டி, “இது இந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. அடுத்தவர் பேசலாம்,” என்றார். எலியேசர் எழுந்து வெளியே போவது தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு செருப்புகளுக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றாள். ஏஞ்சல் வந்து, இப்போது சொன்னதைக் கோர்ட்டிலும் சொல்ல முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றாள். அஞ்சலி கொஞ்சம் தள்ளி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதான மீனு வாங்க வந்த? மாஸ்க் போட்டுக்கினு?”

அபிகாயில் தலையாட்டினாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல.”

“வாய் வரலைம்மா. என்னை மன்னிச்சிடுங்க.”

அஞ்சலி திரை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அன்னிக்கு ரோட்ல எம்மா நல்லா பேசுன டீச்சர். நானே போன்ல நாலு தபா கேட்டுக்கினேன். ஒரு எடத்துலயாவது தடுக்குச்சா? இன்னிக்கு எங்களுக்காவ பேசறப்போ மட்டும் ஒண்ணும் வரலையே.”

குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போனாள்.

*

அபிகாயில் மண்டபத்தில் பேசியதையும் யாரோ போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் சொற்பம். பார்த்தவர்களும் திட்டத்தான் பார்த்தார்கள். பழைய வீடியோ அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் பிரின்சிபால் கூப்பிட்டு, வருஷக் கடைசி வரை இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பாஸ்டரம்மா முன்னைப் போலவே சிரித்தார்; யாருக்காகவும் அவளை ஜெபிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அடுக்குமாடி அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு எலியேசர் அலைந்துகொண்டிருந்தார். வீட்டில் அவர் சண்டை போடவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் பேசினார்.

ஏஞ்சல் கேட்டபடி அபிகாயில் கோர்ட்டுக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிடிபட்ட எல்லோருக்கும் ஜாமீன் கிடைத்தது. வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. வீடுகளை இடிப்பதை மழைக்காலம் முடிகிற வரை தள்ளி வைத்திருந்தார்கள். அதற்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை. மழையில் இடித்தால் பேர் கெடும் என்பதுதான் காரணம் என்று ஏஞ்சலே சொன்னாள்.

“இன்னிக்கு சாயங்காலம் செங்கல்பட்டு டிரெய்ன்ல வர்றாங்க,” என்றாள் ஏஞ்சல் போனில். “நீங்க வரணும்னு இல்ல. தெரியட்டும்னு சொன்னேன்.”

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பிளாட்பாரத்தில் எதிர்க்கரை ஜனம் கும்பலாக நின்றது. ஒரு தூண் மறைவில் நின்றுகொண்டாள். வண்டி வந்து கூட்டம் இறங்கியது. ஜெயவேலு இறங்கினான். எலும்பும் தோலுமாக, தாடியோடு. யாரோ மாலையைப் போட்டார்கள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது போல. சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டே வந்தான். தூண் வரைக்கும் வந்துவிட்டான். புடவையும் கைப்பையுமாக நின்ற அபிகாயிலைப் பார்த்ததும் நின்றான். அஞ்சலி அந்த வீடியோவை அவனுக்குக் காட்டவே இல்லை; செய்தியில் அது ஓடியபோது அவன் உள்ளே இருந்தான். டீச்சரின் முகத்தை அவன் பார்த்ததில்லை.

“வக்கீலம்மா கூட வந்தீங்களாக்கா?”

அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவன் அவள் கையைப் பிடித்தான். பெயின்ட் தின்னர் பட்டு வெடித்த கை. “எங்களுக்காவ வேலைய வுட்டுட்டு வந்துகினு கீறீங்க. உங்கள மாரி படிச்சவங்க நாலு பேரு வந்து நின்னாலே எங்களுக்குத் தெம்புக்கா. ரொம்ப தேங்க்ஸ்.”

அவனுக்குப் பின்னால் அஞ்சலி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அபிகாயில் அவளைப் பார்த்தாள். நான் யாரென்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரியும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்திருக்கும் அந்தப் பார்வை. அஞ்சலி புருஷனின் கையிலிருந்த மாலையை வாங்கித் தன் கூடைக்குள் வைத்தாள்.

“வாய்யா, ஆட்டோ நிக்குது,” என்றாள்.

அவன் இன்னொரு தடவை தலையசைத்துவிட்டு நடந்தான். கும்பல் படியேறி மேம்பாலத்தில் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்துக்கு அடுத்த வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் போனார்கள். அவன் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அபிகாயில் டீச்சர் அங்கேயே நின்றிருந்தாள்.